கதிருக்கு, வண்டி ஆயில் விஷயமாக

ஒட்டன்சத்திரம்
ஞாயிறு இரவு

அன்புள்ள கதிர்,

ஆறு மாதமாக உனக்கு ஒரு வரிகூட எழுதவில்லை. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று மணி சொன்னான். வந்து பார்க்காதது என் தப்புதான். தை பிறக்கட்டும், வந்துவிடுகிறேன். இங்கே எல்லோரும் நலம். உங்கள் வீட்டு நார்த்தங்காய் ஊறுகாய் தீர்ந்துவிட்டது என்று சொல்லச் சொன்னாள் சரோஜா. மற்றது உனக்கே தெரியும்.

போன மாதம் பாச்சலூர் மலையில் நம்ம பொலேரோ நின்றுவிட்டது. இன்ஜினுக்குக் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போ போய்விட்டது. உர மூட்டை ஏற்றிக்கொண்டு போனேன். நாலாவது வளைவில் விசில் அடிப்பது போல ஒரு சத்தம். அப்புறம் இழுவையே இல்லை. கண்ணாடியில் பார்த்தால் பின்னால் ரோடே தெரியாத அளவுக்கு நீலப் புகை. உடனே ஓரம்கட்டி அணைத்தேன். ஆயில் மட்டம் பார்க்கும் ஸ்டிக்கை இழுத்துப் பார்த்தால் நுனியில் மட்டும் கொஞ்சம் ஆயில். ஆயில் முழுக்க டர்போ வழியாகப் புகைந்து போயிருக்கிறது. இன்னும் ரெண்டு கிலோமீட்டர் முறுக்கியிருந்தால் இன்ஜினே ஜாம் ஆகியிருக்கும்.

செல்வம் அண்ணன் பட்டறைக்குக் கட்டி இழுத்து வந்தோம். அவர் டர்போவைக் கழற்றி ஷாஃப்டை விரலால் ஆட்டிக் காட்டினார். பால்பல் மாதிரி ஆடியது. திட்டவில்லை. "எந்த ஃபில்டர் போட்ட?" என்று மட்டும் கேட்டார். சந்தைப்பேட்டைப் பக்கம் ஒரு கடையில் வாங்கியது என்றேன். ஆயிலை வடிகட்டும் அந்தப் பழைய ஃபில்டரைத் தகடு வெட்டும் கத்தரியால் சுற்றிலும் வெட்டினார். ரம்பத்தால் அறுத்தால் அதன் தூள் உள்ளே விழுந்து நம்மை ஏமாற்றிவிடுமாம்.

கதிர், உள்ளே இருந்ததை நீ பார்த்திருக்க வேண்டும். மடிப்பு மடிப்பாக நிற்க வேண்டிய காகிதம் ஒரு பக்கம் நசுங்கி, ஈரத்தில் ஒட்டிய நோட்டுப் புத்தகம் மாதிரி கிடந்தது. விரலால் பிரித்தால் நடுவில் ஜிகினாத்தூள் போல மினுமினுப்பு. அதெல்லாம் இன்ஜினிலிருந்து தேய்ந்து வந்த உலோகம். வாய்ப்பக்கம் ஒரு ரப்பர் வட்டம் இருக்கும். அது வெயிலில் காய்ந்த அப்பளம் போல விறைத்திருந்தது. பக்கத்தில் ஒரு நல்ல ஃபில்டரையும் வெட்டி வைத்தார். உட்கார்ந்து எண்ணினேன். என்னுடையதில் 41 மடிப்பு, அதில் 58. வெளியே பார்த்தால் ரெண்டுக்கும் ஒரே டப்பா, ஒரே பெயிண்ட். விலை வித்தியாசம் நூற்றைம்பது ரூபாய்கூட இல்லை.

அந்த ரப்பர், ராத்திரி வண்டி நிற்கும்போது ஃபில்டரில் இருக்கும் ஆயில் முழுக்க இன்ஜினுக்கு அடியில் உள்ள சம்ப் என்ற தொட்டிக்கு இறங்கிவிடாமல் பிடித்து வைப்பதற்கு. அது விறைத்துவிட்டால் காலையில் ஸ்டார்ட் செய்ததும் சில விநாடி இன்ஜின் ஆயில் இல்லாமல் ஓடும். ஆடியில் நீ வந்திருந்தபோது விடிகாலையில் அந்தக் கடகட சத்தத்தைக் கேட்டு "கிழவன் இருமுறான்" என்றாயே, அதேதான். இருமல் இல்லை, எச்சரிக்கை. நாம் ரெண்டு பேரும் சிரித்துவிட்டுக் காபி குடிக்கப் போனோம்.

அடுத்தது இதைவிட மோசம். காகிதம் அடைத்துக்கொண்டால் ஆயில் நின்றுபோவதில்லை. ஒரு ஸ்பிரிங் வால்வு திறந்து, வடிகட்டாத ஆயிலையே இன்ஜினுக்குள் விட்டுவிடும். ஆயிலே இல்லாமல் போவதற்கு அழுக்காவது போகட்டும் என்று செய்து வைத்த ஏற்பாடு. அதனால் ஃபில்டர் செத்துப்போனது வண்டி ஓட்டுகிறவனுக்குத் தெரியவே தெரியாது. டர்போவின் ஷாஃப்ட் நிமிஷத்துக்கு லட்சம் சுற்றுக்கு மேல் சுற்றக்கூடியது. மெல்லிய ஆயில் படலத்தின் மேல் மிதந்துகொண்டுதான் சுற்றுகிறது. அந்த இடத்தில் தூள் கலந்த ஆயில் போனால் என்ன ஆகும்? போதாக்குறைக்கு மலை ஏறியதும் டீக்கடையில் சட்டென்று சாவியைத் திருகி அணைத்துவிடுவேன். கொதிக்கிற டர்போவில் நின்றுபோன ஆயில் அப்படியே கரியாகிறது. ஏற்றம் முடிந்தால் ஒரு நிமிஷமாவது ஐடிலில் விட்டுத்தான் அணைக்க வேண்டும்.

டர்போ செலவைக் கேட்காதே. சரோஜா இன்னும் என்னோடு சரியாகப் பேசவில்லை.

ஆனால் கடிதம் எழுத உட்கார்ந்தது என் கதைக்காக இல்லை. பிரபு புது பிக்கப் எடுத்திருக்கிறான், முதல் சர்வீஸுக்கு அப்புறம் நீயே ஆயில் மாற்றப் போகிறாய், அதுவும் டிராக்டருக்கு வாங்கி வைத்திருக்கும் பீப்பாய் ஆயிலை ஊற்றப் போகிறாய் என்று மணி சொன்னான். அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை. ஏனென்றால் "டீசல் வண்டிக்கு எந்த ஆயிலானாலும் ஒன்றுதான், சீக்கிரம் சீக்கிரம் மாற்றினால் போதும்" என்று இருபது வருஷமாக உனக்குச் சொல்லி வந்தவன் நான். உன் பழைய மெட்டடாருக்கு அது ஓரளவு சரி. பிரபு வண்டிக்குத் தப்பு. முழுத் தப்பு. அதை இப்போது எழுத்திலேயே திருப்பி வாங்கிக்கொள்கிறேன்.

2020 ஏப்ரலுக்கு அப்புறம் விற்கிற வண்டிகள் பிஎஸ் 6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதிப்படி செய்தவை. அவன் வண்டியில் சைலன்சர் பாதையில் புகைக்கரியைப் பிடித்து வைக்கிற டிபிஎஃப் என்ற வடிகட்டி இருக்கிறது. பிடித்த கரியை வண்டியே அவ்வப்போது அறுநூறு டிகிரி சூட்டில் எரித்துக்கொள்ளும். கரி எரியும், சாம்பல் எரியாது. அந்தச் சாம்பல் எங்கிருந்து வருகிறது? ஆயிலில் கலந்திருக்கும் கால்சியம், துத்தநாகம் மாதிரி மருந்துகளிலிருந்து. பழைய ரக ஆயிலில் அது அதிகம். ஊற்ற ஊற்ற வடிகட்டி நிரந்தரமாக அடைத்துக்கொண்டே போகும். அதை மாற்றுகிற செலவுக்கு முன்னால் என் டர்போ செலவு ஒன்றுமே இல்லை.

அதனால் டப்பாவைத் திருப்பிப் பின்பக்கம் படி. ஏபிஐ என்ற அமெரிக்கச் சங்கத்தின் பெயரைப் போட்டு ஆயிலின் ரகத்தைச் சொல்லும் எழுத்து இருக்கும். எஸ் என்று தொடங்கினால் பெட்ரோலுக்கு, சி என்று தொடங்கினால் டீசலுக்கு. சிஐ-4 என்பது 2002இல் வந்த ரகம், உன் பீப்பாயில் இருப்பது அதுதான். சிகே-4 என்பது 2016 கடைசியில் வந்தது, சாம்பலுக்கு வரம்பு வைத்தது. சில கம்பெனிக்காரர்கள் ஏசிஇஏ சி3 என்று ஐரோப்பியக் கணக்கில் கேட்பார்கள். வண்டியோடு வந்த புத்தகத்தில் எந்த எழுத்து அச்சாகியிருக்கிறதோ அதை மட்டும் வாங்கு. கடைக்காரன் சொல்வதைக் கேட்காதே, நான் சொல்வதையும் கேட்காதே.

20டபிள்யூ-50 என்று எண் போட்ட ஆயில் கெட்டியாக இருக்கும், இன்ஜினுக்குப் பலம் என்று குண்டு பாலு வந்து சொல்வான். அவனுக்கு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடு. பின்னால் இருக்கும் எண், இன்ஜின் நூறு டிகிரியில் கொதிக்கும்போது ஆயில் எவ்வளவு கெட்டியாக நிற்கும் என்பதற்கு. கேட்டதற்கு மேல் கெட்டியாக ஊற்றினால் காலையில் டர்போவுக்குப் போய்ச் சேரத் தாமதமாகும், அவ்வளவுதான் பலன். ஆயில் கறுத்துவிட்டது என்றும் பயப்படாதே. டீசல் இன்ஜினில் புகைக்கரியைக் கட்டி சேர விடாமல் தன்னோடு வைத்துக்கொள்வதுதான் நல்ல ஆயிலின் வேலை.

பயப்பட வேண்டியது ஒன்று உண்டு, இதைப் பிரபுவிடம் அழுத்திச் சொல். ஸ்டிக்கில் ஆயில் மட்டம் ஏறினால் விடக்கூடாது. தோட்டத்துக்கும் மண்டிக்கும் நாலு நாலு கிலோமீட்டர் ஓட்டி அணைத்துக்கொண்டே இருந்தால் அந்தக் கரி எரிப்பு பாதியில் நின்றுபோகும். அதற்காகக் கூடுதலாகப் பீய்ச்சிய டீசல் சிலிண்டர் சுவர் வழியாக ஆயிலில் இறங்கும். "ஆயில் குறையவே இல்லை" என்று நாம் சந்தோஷப்படுவோம், உள்ளே ஆயில் தண்ணீராகிக்கொண்டிருக்கும். ஸ்டிக்கை மோந்து பார்த்தாலே டீசல் வாசனை தெரியும். வாரத்துக்கு ஒருமுறை பைபாஸில் அரைமணி நேரம் நிற்காமல் ஓட்டச் சொல். டிபிஎஃப் விளக்கு எரிந்தால் அது அணையும்வரை வண்டியை நிறுத்த வேண்டாம்.

ஃபில்டர் மாற்றும்போது பழைய ரப்பர் வளையம் இன்ஜின் பக்கம் ஒட்டிக்கொண்டு நிற்கிறதா என்று கை வைத்துத் தடவிப் பார். அதன்மேல் புதியதைப் போட்டால் ரெண்டு வளையம் சேர்ந்து நழுவி நடுரோட்டில் ஆயில் முழுக்கக் கொட்டிவிடும். புது வளையத்தில் கொஞ்சம் ஆயில் தடவிக் கையாலேயே இறுக்கினால் போதும். ஏர் ஃபில்டருக்குக் காற்று அடித்தால் உள்பக்கத்திலிருந்து வெளியே, மெதுவாக. உங்கள் ஊர் செம்மண் தூசிக்குப் புத்தகத்தில் போட்ட கிலோமீட்டர்வரை காத்திருக்காமல் முன்னாலேயே மாற்றிவிடு. காலி ஆயில் கேனில் ஆணியால் ரெண்டு ஓட்டை போட்டுத்தான் வெளியே எறிய வேண்டும், இல்லையென்றால் எவனாவது அதிலேயே போலி ஆயிலை ஊற்றி அடுத்தவன் தலையில் கட்டுவான்.

போனில் சொன்னால் நீ "சரி சரி" என்று வைத்துவிடுவாய் என்றுதான் எழுதினேன். இந்தக் கடிதத்தை வண்டி டாஷ்போர்டில் ஆர்சி புக்கோடு வைக்கச் சொல். அந்தப் பீப்பாயை டிராக்டருக்கே விட்டுவிடு.

முதல் தடவை மாற்றும் பழைய ஃபில்டரைத் தூக்கி எறியாதே. ஆயில் வடிந்ததும் பாலிதீன் பையில் கட்டி வை. தையில் வரும்போது செல்வம் அண்ணனின் கத்தரியைக் கொண்டு வருகிறேன். நம்ம வேப்பமரத்தடியில் உட்கார்ந்து வெட்டிப் பார்க்கலாம். பிரபுவும் கூட இருக்கட்டும்.

அம்மாவைக் கேட்டதாகச் சொல். ஊறுகாயை மறந்துவிடாதே.

உன்,
தங்கவேல்