ஒரே நாளில் மூன்று ஊர் வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பிள்ளைகளைப் பார்க்க லண்டன் வரும் பெற்றோரை 'வின்சர், ஸ்டோன்ஹெஞ்ச், பாத், ஒரே நாளில்' என்ற கோச் (சுற்றுலாப் பேருந்து) பயணத்தில் ஏற்றிவிடுவது வழக்கமாகிவிட்டது. வின்சரில் அரச குடும்பத்தின் கோட்டை, ஸ்டோன்ஹெஞ்சில் பழங்காலக் கல்வட்டம், பாத்தில் ரோமானியர் காலக் குளியல் மண்டபம். பணம் கட்டுமுன் நேரக் கணக்கைப் போட்டுப் பார்க்கும்படி உங்கள் வாசகர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

காலை 8 மணிக்குக் கிளம்பி இரவு 8 மணிக்குத் திரும்பினால் 12 மணி நேரம். லண்டனிலிருந்து வின்சர் 1 மணி நேரம், அங்கிருந்து ஸ்டோன்ஹெஞ்ச் ஒன்றேகால் மணி, பிறகு பாத் 1 மணி, பாத்திலிருந்து லண்டன் இரண்டரை முதல் 3 மணி. சாலை காலியாக இருந்தாலே பாதி நாள் இருக்கையில் கழிகிறது. ஆனால் ஸ்டோன்ஹெஞ்சை ஒட்டிப் போகும் ஏ303 சாலை அந்த இடத்தில் போக ஒரு தடம், வர ஒரு தடம்தான். வெள்ளிக்கிழமை மாலையிலும் கோடை வார இறுதியிலும் வண்டிகள் ஊர்ந்துதான் போகும். அங்கே வரவேண்டிய சுரங்கப்பாதைத் திட்டத்தையும் அரசு 2024-இல் கைவிட்டுவிட்டது.

மிஞ்சுவது ஊருக்கு 2 மணி நேரம். வின்சரில் விமான நிலையத்தைப் போல உடைமைச் சோதனை உண்டு. அந்த வரிசை, ஏற்றமான தெரு, கழிப்பறை எல்லாம் இந்த 2 மணிக்குள்தான். ஸ்டோன்ஹெஞ்சில் பார்வையாளர் மையத்திலிருந்து கற்கள் 2 கிலோமீட்டருக்கு மேல் தள்ளி இருக்கின்றன. இணைப்புப் பேருந்துக்கு ஒரு வரிசை, திரும்பி வர இன்னொரு வரிசை. பாத்தில் ரோமானியக் குளியல் மண்டபத்தை ஒலிவழிகாட்டியோடு நிதானமாகப் பார்க்கவே ஒன்றரை மணி நேரம் ஆகும். 46 டிகிரிச் சூட்டில் ஊறிவரும் அந்த ஊற்றைப் பார்த்துவிட்டு, ஊரைப் பார்க்காமலேயே வண்டியேற வேண்டியதுதான்.

இதைவிட, ஒரு நாளுக்கு ஒரு கோட்டை, பக்கத்தில் ஓர் ஊர் என்று வைத்துக்கொள்ளுங்கள். வின்சருக்குக் கோச்சே தேவையில்லை. லண்டன் வாட்டர்லூ நிலையத்திலிருந்து ரயிலில், வண்டி மாறாமல் சுமார் 1 மணி நேரம்; பேடிங்டன் நிலையம் வழியாகப் போனால் ஸ்லோவில் மாற வேண்டும். இந்த ரயில்கள் போய்ச் சேரும் வின்சரின் இரண்டு நிலையங்களுமே கோட்டைக்கு நடக்கும் தூரத்தில் உள்ளன. கேன்டர்பரி, பாத், சால்ஸ்பரி மூன்றும் அப்படித்தான், ரயிலை விட்டு இறங்கினால் ஊர். 3 முதல் 9 பெரியவர்கள் சேர்ந்து போனால், நெரிசல் இல்லாத நேரத்தில் பல ரயில் நிறுவனங்கள் கட்டணத்தில் மூன்றில் ஒரு பங்கைக் குறைக்கின்றன.

கோச் உண்மையிலேயே உதவுவது ரயில் எட்டாத இடங்களுக்கு. லீட்ஸ் கோட்டை அதற்கு நல்ல உதாரணம். பெயரைப் பார்த்து வடக்கே லீட்ஸ் நகருக்கு ரயில் சீட்டு வாங்கிவிடாதீர்கள். கோட்டை இருப்பது தென்கிழக்கே கென்ட் மாவட்டத்தில், மெய்ட்ஸ்டன் அருகே. ஏரிக்கு நடுவே தீவில் நிற்கும் அந்தக் கோட்டையையும் கேன்டர்பரியையும் ஒரு நாளில் சேர்த்துப் பார்க்கலாம். டோவர் கோட்டையை மட்டும் இவற்றோடு மூன்றாவதாக ஒட்ட வேண்டாம். மன்னர் இரண்டாம் ஹென்றியின் பெருங்கோபுரமும், 1940-இல் பிரான்சின் டன்கர்க்கிலிருந்து படைகளை மீட்ட நடவடிக்கைக்குத் திட்டம் வகுத்த சுரங்க அறைகளும் தனியே அரை நாளை எடுத்துக்கொள்ளும். காட்ஸ்வோல்ட்ஸ் கிராமங்களுக்குப் போவதானால் 16 பேர் அமரும் சிறிய வண்டியே மேல். அந்தச் சந்துச் சாலைகளில் பெரிய கோச் திரும்பவும் முடியாது, நிற்க இடமும் கிடைக்காது.

விளம்பரத்தில் வினைச்சொல்லைக் கவனியுங்கள். 'காண்போம்' என்றால் வெளியே நின்று படம் எடுப்பது. 'உள்ளே செல்வோம்' என்றும் 'நுழைவுச் சீட்டு உட்பட' என்றும் எழுதியிருந்தால்தான் உள்ளே போவது நிச்சயம். வின்சர் கோட்டைக்குச் செவ்வாயும் புதனும் விடுமுறை. கோட்டைக்குள், இரண்டாம் எலிசபெத் அடக்கம் செய்யப்பட்டுள்ள புனித ஜார்ஜ் சிற்றாலயத்தில் ஞாயிறன்று வழிபாட்டுக்கு வருவோருக்கு மட்டுமே அனுமதி. கோட்டை, சிற்றாலயம் இரண்டையும் பார்க்க விரும்புவோருக்கு வியாழன், வெள்ளி, சனி, திங்கள் என நான்கே நாட்கள். அரசு நிகழ்ச்சி இருந்தால் அதிலும் மாறும். முந்தின நாள் கோட்டையின் இணையதளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

வழிகாட்டியும் ஓட்டுநரும் ஒருவரேயா என்று கட்டாயம் கேளுங்கள். ஒருவரே என்றால், வண்டியை நிறுத்த அவர் போய்விடுவார். ஊருக்குள் நம்மோடு நடந்து விளக்க ஆள் இருக்காது. 'புளூ பேட்ஜ்' அணிந்த வழிகாட்டி என்றால் முறையாகப் படித்துத் தேர்வு எழுதித் தகுதி பெற்றவர் என்று பொருள்.

மூட்டு வலி உள்ளவர்களுக்கு ஒரு வார்த்தை. கோபுரங்களின் சுழல் படிக்கட்டில் ஒவ்வொரு படியும் ஆப்பு வடிவில் இருக்கும்: நடுத்தூணை ஒட்டிக் குறுகல், வெளிச்சுவர்ப் பக்கம் அகலம். நூற்றாண்டுக் கணக்கில் மிதிபட்டு, படியின் நடு கரண்டிபோலக் குழிந்திருக்கும். மழை ஈரத்தில் தோல் செருப்பு வழுக்கிவிடும். கைப்பிடிக் கம்பிக்குப் பதில் சுவரோடு ஒரு கயிறு மட்டும் ஓடும் இடங்களும் உண்டு. வெளிச்சுவர்ப் பக்கமாகவே ஏறுங்கள். இறங்கும்போது சேலைக் கொசுவத்தை ஒரு கையில் பிடித்துக்கொள்ளுங்கள். ரப்பர் அடிக் காலணி அவசியம். ஸ்டோன்ஹெஞ்ச் வெட்டவெளியில் குடை காற்றில் மடங்கிவிடும், தலைமூடி வைத்த மழைச்சட்டைதான் உதவும்.

சைவர்களுக்குப் பெரும்பாலான கோட்டை உணவகங்களில், தோலோடு சுட்ட முழு உருளைக்கிழங்கும் அவரையும் கிடைக்கும். பிற்பகல் 2 மணிக்கு மேல் தீர்ந்துபோவதும் உண்டு, முதலிலேயே சாப்பிட்டுவிடுங்கள்.

கோச் சொன்ன நேரத்துக்குக் கிளம்பிவிடும். நாலரை மணி நேரம் ஓட்டினால் ஓட்டுநர் 45 நிமிடம் ஓய்வெடுத்தே தீர வேண்டும், நாளின் மொத்த ஓட்டத்துக்கும் சட்டத்தில் வரம்பு உண்டு. ஒருவருக்காக 20 நிமிடம் காத்திருந்தால் அந்தக் கணக்கு முழுதும் கெடும். வின்சரில் வண்டியைத் தவறவிட்டால் ரயில் இருக்கிறது. ஸ்டோன்ஹெஞ்சில் ரயில் நிலையமே கிடையாது. சால்ஸ்பரிக்குப் போய்த்தான் ரயில் ஏற வேண்டும்.

பருவமும் முக்கியம். டிசம்பரில் 4 மணி வாக்கிலேயே சூரியன் மறைந்துவிடும். அருண்டெல் போன்ற கோட்டைகள் குளிர்காலம் முழுக்கப் பூட்டியே கிடக்கும். கோடையில் இரவு 9 மணி வரை வெளிச்சம் இருந்தாலும், கோட்டையில் கடைசி நுழைவு பிற்பகலிலேயே முடிந்துவிடும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை.

உங்கள் சுற்றுலாப் பக்கத்தில் இத்தகைய பயணங்களைப் பற்றி எழுதும்போது, ஊர்களின் பெயரோடு இரண்டு விவரங்களையும் சேர்த்து அச்சிட வேண்டுகிறேன்: ஒவ்வோர் ஊரிலும் வண்டி எத்தனை நிமிடம் நிற்கும், கட்டணத்தில் கோட்டை நுழைவுச் சீட்டு அடக்கமா இல்லையா.

இப்படிக்கு,
வாசகர், லண்டன்