ரோஜா அத்தரும் நம்ம ஊர் சந்தனமும்

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது, பதில் போடத்தான் இத்தனை நாள் ஆகிவிட்டது. மறையூரில் கரும்பு வெட்டு நடக்கிறது, எந்தப் பக்கம் போனாலும் வெல்லம் காய்ச்சுகிற வாசனைதான். அம்மா சௌக்கியம், முழங்கால் வலி மட்டும் அப்படியே இருக்கிறது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். கான்பூரில் வேலை பார்க்கிற தங்கச்சி வீட்டுக்காரர் லீவுக்கு வந்தபோது, அத்தருக்குப் பேர்போன கன்னோஜ் ஊரின் ரோஜா அத்தர் ஒரு சின்னக் குப்பி கொண்டுவந்தார். ரோஜா வாசனை என்றால் இதுவரை எனக்கு ரோஸ்மில்க்கும் ஊதுபத்தியும்தான். பஞ்சில் ஒற்றிக் காதில் செருகிக்கொண்டேன். எடுத்த எடுப்பில் எலுமிச்சைத் தோலைக் கிள்ளிய மாதிரி ஒரு நெடி, கூடவே லேசாக மிளகுக் காரம், எனக்குப் பிடிக்கவே இல்லை. அரை மணி கழித்துத் தேன் வந்தது, தேனடை பிழிந்த கையில் மெழுகோடு ஒட்டியிருக்குமே, அந்தத் தேன். ராத்திரி தலையணையில் பூ குறைந்து சந்தனம் ஏறியிருந்தது. சந்தனக் காட்டுக்குப் பக்கத்தில் வளர்ந்தவனுக்கு அது தெரியாமல் போகுமா?

இதில் சந்தனம் எப்படி வந்தது என்று தங்கச்சி வீட்டுக்காரரிடம் கேட்டேன். வெயில் ஏறுமுன் பறித்த பூவைச் செப்பு அண்டாவில் தண்ணீரோடு போட்டு, மூடியைக் களிமண்ணால் அடைத்து அடியில் தீ மூட்டுகிறார்கள். ஆவி மூங்கில் குழாய் வழியாக இறங்கி, தண்ணீர்த் தொட்டியில் முக்கி வைத்திருக்கிற இன்னொரு செப்புக் குடத்துக்குப் போகிறது, அதற்குள் முன்கூட்டியே சந்தன எண்ணெய் ஊற்றி வைத்திருப்பார்களாம். ரோஜா தனியாக நின்றால் சீக்கிரம் பறந்துவிடும், சந்தனம்தான் இழுத்துப் பிடித்து வைக்கிறது. சந்தனம் விலை ஏறியபிறகு பலர் பெட்ரோலியத்திலிருந்து எடுக்கிற பாரஃபின் எண்ணெயில் பூவை இறக்குகிறார்கள் என்று கேட்டதும் வயிறு எரிந்தது மாப்ளே.

அப்புறம், கல்யாண வாசலில் தெளிக்கிற நல்ல பன்னீரில் பூ அப்படியே மணக்கிறதே, அதற்கும் காரணம் இருக்கிறது. ரோஜா மணத்தில் பெரும்பங்கான ஃபீனைல் எத்தில் ஆல்கஹால் தண்ணீரில் கரைகிற சரக்கு, வடிக்கும்போது பன்னீரோடு போய்விடும். எண்ணெயில் தேனும் காரமும் முன்னே வந்து நிற்கும்.

நீ வரும்போது தோவாளைச் சந்தையில் பன்னீர் ரோஜா இரண்டு கிலோ வாங்கி வா. ஒரு கிலோ ரோஜா எண்ணெய்க்கு 3,000 கிலோவுக்கு மேல் பூ வேண்டும், ஆகவே நமக்கு எண்ணெய் கிடைக்காது. பாட்டியின் பழைய செம்புப் பானை இருக்கிறது, ஒரு சொம்பு பன்னீராவது வடித்துப் பார்ப்போம்.

அன்புடன்,
முருகன்