ஐப்பசி மழைக்கு முன் படிப்பகக் கூரை: பழைய வண்ணாரப்பேட்டை மக்களுக்கு நன்கொடை வேண்டுகோள்

பேரன்புடையீர், வணக்கம்.

நம் தெருப் படிப்பகத்தின் மேல்தளம் காரை பெயர்ந்து, கம்பி வெளியே தெரிகிறது. போன மழையில் பிள்ளைகள் கணக்கு நோட்டுகளைத் தண்ணீர் பிடிக்கும் நீல டிரம்முக்குள் போட்டு மூடிவைத்துவிட்டு, நனையாத ஒரே மூலையில் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்து படித்தார்கள். இன்னொரு மழையை அந்தக் கூரை தாங்காது என்று மேஸ்திரி கையை விரித்துவிட்டார். புரட்டாசி முதல் வாரத்துக்குள் 1,00,000 ரூபாய் முன்பணம் கொடுத்தால்தான் வேலையைத் தொடங்க முடியும்.

புதுப்பிக்கும் கூடத்துக்கு வெள்ளுடை வேந்தர் சர் பிட்டி தியாகராயர் பெயரை வைப்பதென்று கூட்டத்தில் ஒருமனதாக முடிவு செய்திருக்கிறோம். "மெட்ரோ ஸ்டேஷன் பேருதானே அது?" என்று ஒரு பிள்ளை கேட்டதும் நம் பெரியவர்களுக்கு மனசு பொறுக்கவில்லை. அவர்கள் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டதில் கொஞ்சம் இங்கே.

1852-இல் பிறந்தவர். மாநிலக் கல்லூரியில் பி.ஏ. படித்தவர். படிப்பு முடிந்ததும் உத்தியோகம் தேடிப் போகாமல் நெசவுத் தொழிலிலும் தோல் வியாபாரத்திலும் இறங்கிப் பொருள் சேர்த்தார். 1882-இல் மாநகராட்சி உறுப்பினரானவர், சுமார் 40 ஆண்டுகள் அந்த அவையில் இருந்தார். தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் தலைவரும் அவரே. மேயர் பதவி 1933-இல்தான் வந்தது. அதற்கு முன்பே மேயர் வேலையைப் பார்த்தவர் நம் பேட்டைக்காரர்!

1916-இல் டி.எம். நாயர், நடேச முதலியார் ஆகியோரோடு சேர்ந்து தென்னிந்திய நல உரிமைச் சங்கத்தைத் தொடங்கினார். அதுதான் நீதிக்கட்சி. 1920 தேர்தலில் கட்சி வென்றபோது முதலமைச்சர் பதவி அவரைத் தேடி வந்தது. வேண்டாம் என்று சொல்லி, சுப்பராயலு ரெட்டியாரைக் கைகாட்டினார். நாற்காலிக்கு அடித்துக்கொள்ளும் இந்தக் காலத்தில் இதை எத்தனை முறை சொன்னாலும் தகும்.

எல்லாவற்றிலும் எங்கள் நெஞ்சில் நிற்பது ஒன்று. அவர் தலைவராக இருந்த 1920-இல், ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளியில் பிள்ளைகளுக்கு மதியச் சாப்பாடு போட மன்றத்தில் தீர்மானம் நிறைவேறியது. ஒரு பிள்ளைக்கு நாளொன்றுக்கு ஓரணாவுக்கு மேல் போகக்கூடாது என்று கணக்கும் போட்டார்கள். பசித்த பிள்ளைக்குப் பாடம் ஏறாது என்பதைப் புரிந்துகொண்ட நிர்வாகம் அது. நம் படிப்பகத்தில் மாலையில் கொடுக்கும் சுண்டல் அந்த வழியில் வந்ததுதான். அது ஒருநாளும் நிற்கக்கூடாது.

இனி கணக்கு. மேல்தளம் 4,20,000. பெண் பிள்ளைகளுக்குக் கழிப்பறை 1,35,000. மேசை, பெஞ்சு 80,000. ஒயரிங், மின்விசிறி 65,000. மொத்தம் 7,00,000 ரூபாய். கையில் இருப்பது 4,35,000. துண்டு விழுவது 2,65,000.

இதுவரை கொடுத்தவர்களுக்கு எப்படி நன்றி சொல்வது! காசிமேட்டில் மீன் விற்கும் தாய்மார்கள், ஏலம் முடிந்த கையோடு வாரம் தவறாமல் ஆளுக்கு 50 ரூபாய் சேர்த்துக் கொடுத்தார்கள். மீன்வரத்து குறையும் தடைக்காலத்திலும் நிறுத்தவில்லை. ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் ஒரு மாத ஓய்வூதியத்தை உறையோடு நீட்டினார். இரும்புக்கடை அண்ணன் கம்பிக்கு லாபம் வைக்காமல் விலை போட்டார். ஆட்டோ ஸ்டாண்டு தம்பிகள் மணல் மூட்டைகளைத் தோளில் சுமந்து இறக்கினார்கள். எம்.சி. ரோடு ஜவுளிக்கடைகளில் நாளெல்லாம் நின்றே வேலை பார்க்கும் தங்கைகள் தீபாவளி போனசில் ஒரு பங்கை ஒதுக்கினார்கள். நீங்கள் எல்லோரும் குடும்பத்தோடு நல்லா இருக்க வேண்டும் என்று அம்மனை வேண்டிக்கொள்கிறோம்.

ஆடித் தள்ளுபடி முடியட்டும், தருகிறோம் என்று பெயர் எழுதிக்கொடுத்த கடைக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. ஆடி போய் ஆவணியும் வந்துவிட்டது. துணி வியாபாரத்தில் சம்பாதித்ததை ஊருக்குச் செலவழித்த ஒருவர் வாழ்ந்த இடத்தில்தான் நாமும் துணி விற்கிறோம். மீன்கூடை சுமக்கிறவர் கொடுத்த பிறகும் நாம் கல்லாவை மூடிக்கொண்டிருந்தால், நாளைக்கு அந்தப் பிள்ளைகள் முகத்தில் எப்படி விழிப்பது? கோயில் திருவிழாவுக்கு அள்ளிக் கொடுக்கும் கைகள் உங்களுடையவை. சரஸ்வதி குடியிருக்கும் இடத்துக்கும் கொஞ்சம் நீளட்டும்.

பணமாகத்தான் தர வேண்டும் என்றில்லை. சிமெண்ட் மூட்டை, டியூப்லைட், ஒரு வாரச் சுண்டலுக்குக் கடலை, எது முடியுமோ அது. தினமும் மாலை 6 மணி முதல் 8 மணி வரை படிப்பகத்தில் குழுவினர் இருப்பார்கள். 10 ரூபாய் கொடுத்தாலும் ரசீது கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். வரவு செலவு ஞாயிறுதோறும் வாசல் பலகையில் ஒட்டப்படும்.

இப்படிக்கு,
படிப்பகச் சீரமைப்புக் குழுவினர்,
பழைய வண்ணாரப்பேட்டை