கிணற்றுக்குள் ஒரு கேமரா

பள்ளிகொண்டா,
ஐப்பசி, ஞாயிறு இரவு

அன்புள்ள சேகர்,

இங்கு எல்லோரும் நலம். ஆறு மாதமாக உனக்கு எழுதவில்லை, தப்புதான். திட்டுவதை நேரில் வந்து திட்டு.

நம்ம கிணற்றை மூடப் போகிறார்கள். தம்பி நிலத்தை மனை போட்டுவிட்டான், பொங்கலுக்குள் மண் கொட்டிவிடுவார்களாம். 2021 நவம்பரில் பாலாற்றில் வெள்ளம் வந்ததே, அப்போது மேல்படி வரை ஏறிய தண்ணீர். இப்போது மூன்று ஆள் மட்டம் நிற்கிறது. அப்பாவின் உளிக்குறி, நம்ம மணி கைவாட்சோடு குதித்த கல், எல்லாம் தண்ணிக்குள். படம் எடுத்து வைக்காமல் விடமாட்டேன்.

போன வாரம் பிளாஸ்டிக் உறையில் போனைப் போட்டு இறங்கினேன். ஐந்தே நிமிஷம், உள்ளே தண்ணி. போன் போச்சு.

அப்புறம்தான் கேமரா தேடினேன். பெரிய கேமராவுக்குத் தண்ணீர் புகாத கூடு வாங்கினால், பல சமயம் கூட்டின் விலை கேமராவையே தாண்டும். கோப்ரோ என்கிற குட்டிக் கேமரா 10 மீட்டர் வரை தாங்கும், வீடியோவுக்கு அருமை. ஆனால் கிட்டப் போய்ச் சின்னதை எடுக்க அது சரிப்படாது. எனக்கு விரால் குஞ்சு வேண்டும், சேகர்! செக்கச்செவேலென்று கூட்டமாக மேலேயே திரிகின்றன. அதனால் ஓஎம் சிஸ்டம் கம்பெனியின் டிஜி-7 கேமராதான் என்று முடிவு செய்திருக்கிறேன். கூடு இல்லாமலே 15 மீட்டர், கிட்டத்தட்ட 50 அடி. நம்ம கிணற்றுக்குத் தாராளம். லென்ஸிலிருந்து ஒரு சென்டிமீட்டரில் இருப்பதைக்கூடத் தெளிவாக எடுக்கும். ரா ஃபைலும் உண்டு, அதாவது கேமரா கண்டதை மெருகேற்றாமல் அப்படியே வைக்கும், நிறத்தைப் பிறகு திருத்தலாம்.

நிறம்தான் பெரிய பாடு. தண்ணீர் முதலில் தின்பது சிவப்பை. குஞ்சுகள் மேலே இருப்பதால் தப்பிக்கும், அடியில் உள்ள படிகள் பச்சையாகத்தான் விழும். ஃபிளாஷ் போட்டால் மிதக்கிற தூசியெல்லாம் வெள்ளை வெள்ளைப் புள்ளியாகிவிடும். ஆகவே மழை விட்டு இரண்டு நாள் தெளியட்டும், உச்சி வெயில் நேராக விழும்போது, முடிந்தவரை ஒட்டிப்போய் எடுக்க வேண்டும்.

நீ புதுச்சேரியில் கடலுக்குள் போனவன். இந்தக் கேமரா சரியா, சொல். மூடியின் ரப்பரில் ஒரு முடி சிக்கினாலும் தண்ணி புகும் என்கிறார்கள், அதை எப்படித் துடைப்பது?

அப்பா கடைசியாக அந்தப் படியில் உட்கார்ந்துதான் கால் கழுவினார். அதை முதலில் எடுப்பேன்.

வரும்போது தண்ணிக்குள் போட உன் முங்குகண்ணாடியைக் கொண்டு வா. கயிறு நான் வைத்திருக்கிறேன்.

உன்,
பழனி