கண் சொருகும் அந்த 20-வது நிமிடம்

அன்புத் தங்கைக்கு,

கவுன்சிலிங்குக்கு உன்னிடம் வருபவர்களில் ஒரே ஒரு கிளையன்ட் வரும்போது மட்டும் 20-வது நிமிடம் தாண்டினால் கண் சொருகுகிறது, கொட்டாவியை அடக்குவதிலேயே மீதி நேரம் போகிறது, இந்த வேலைக்கே லாயக்கில்லையோ என்று எழுதியிருந்தாய். இதை யாரிடமும் சொல்லவில்லை என்றும் எழுதியிருந்தாய். எனக்குக் கவலை தந்தது அந்தக் கடைசி வரிதான்.

தூக்கம் வருவதில் தப்பே இல்லை. மறைத்து வைத்தால்தான் அது வேறு வாசல் வழியாக வெளியே வரும். 50 நிமிட செஷனை 40-லேயே முடித்துவிடுவாய், இல்லாவிட்டால் குற்ற உணர்ச்சியில் 70 வரை இழுப்பாய். அவர் கேட்காத அறிவுரையை அடுக்குவாய். அவருக்குக் கொடுத்த நேரத்தை மறந்து இன்னொருவருக்குக் கொடுப்பாய். அவர் ஏன் வருவதை நிறுத்தினார் என்பது கடைசிவரை புரியாது.

கிளையன்டின் முன்னால் தெரபிஸ்ட்டுக்கு எழும் உணர்வை கவுன்ட்டர் டிரான்ஸ்ஃபரன்ஸ் என்று வகுப்பில் படித்திருப்பாய். உளப்பகுப்பாய்வைத் தொடங்கிவைத்த ஃப்ராய்ட் 1910-ல் அதைப் பற்றிப் பேசியபோது, தெரபிஸ்ட் தனக்குள் கண்டுபிடித்து வென்றாக வேண்டிய ஒன்றாகத்தான் பார்த்தார். குழந்தை மருத்துவராகவும் இருந்த உளப்பகுப்பாய்வாளர் வின்னிகாட் 1947-ல் இன்னும் துணிந்து பேசினார். ஒரு தாய்க்குத் தன் குழந்தைமேல் வெறுப்பு வர 18 காரணங்களை அடுக்கி, தெரபிஸ்ட்டுக்கும் அப்படி வரும், அதை உணர்ந்து தாங்கத் தெரிய வேண்டும் என்றார். நேரம் முடிந்ததும் செஷனை முடிப்பதே அதற்கு ஒரு வடிகால் என்பதும் அவர் சொன்னதுதான். 1950-ல் பவுலா ஹைமன் என்ற உளப்பகுப்பாய்வாளர், அந்த உணர்வு கிளையன்டின் மனதை அறிய உதவும் கருவி என்று எழுதினார்.

ஆனால் கருவி என்று சொல்வதற்கு முன் உன் பக்கத்தைச் சரிபார். அவருக்குக் கொடுத்திருக்கும் நேரம் மதியம் இரண்டரையா? அதற்கு முன் இடைவெளியே இல்லாமல் எத்தனை பேரைப் பார்க்கிறாய்? முந்தின இரவு தூங்கினாயா? முதலில் நேரத்தைக் காலைக்கு மாற்றிப் பார். அப்போதும் அவரிடம் மட்டும்தான் வருகிறது என்றால் நோட்டை எடு.

கேஸ் ஃபைல் வேண்டாம். தனி நோட்டு, அதில் பெயரோ அடையாளமோ வேண்டாம். செஷன் முடிந்து 10 நிமிடத்துக்குள் நாலைந்து வரி எழுது: எத்தனையாவது நிமிடம், உடம்பில் எங்கே என்ன செய்தது, அதற்குச் சரியாக முன்னால் அவர் எதைப் பேசிக்கொண்டிருந்தார், நீ என்ன செய்தாய், அவர் உனக்கு யாரை ஞாபகப்படுத்துகிறார். சாயங்காலம் எழுதிக்கொள்ளலாம் என்று விட்டால் உடம்பு சொன்னது மறந்துபோய் உன் விளக்கம் மட்டும் மிஞ்சும். ஒரு செஷனை வைத்து எதையும் முடிவு செய்யாதே. மூன்று நான்கு செஷனில் அதே இடத்தில் வந்தால் ஓர் ஊகத்துக்கு இடமிருக்கிறது.

உதாரணமாக, அண்ணனைப் பற்றிய பேச்சு வந்த கொஞ்ச நேரத்தில் அவர் குரல் தட்டையாகி, கடன், வட்டி, பத்திரம் என்று விவரங்களாகக் கொட்டுகிறார் என்று வை. உனக்குக் கண் சொருகுவதும் அங்கேதான். 'நீங்க பேசும்போது தூக்கம் வருது' என்று சொன்னால் அவமானப்பட்டுப் போவார், வேறெதுவும் நடக்காது. கால் இரண்டையும் தரையில் அழுத்தி வைத்து, மூச்சைக் கவனித்து, நீ திரும்பி வா. பிறகு நீ கண்ணால் கண்டதை, காதால் கேட்டதை மட்டும் சொல்: "கொஞ்சம் முன்னாடி அண்ணனைப் பத்திப் பேசினப்ப உங்க குரல் இறங்கிடுச்சு. அப்புறம் கணக்கு விவரத்துக்குப் போயிட்டீங்க. நடுவுல உள்ளுக்குள்ள ஏதாவது நடந்துச்சா?" சொல்லிவிட்டுப் பேசாமல் இரு. 'அப்படியெல்லாம் இல்லையே' என்றால் விட்டுவிடு, வற்புறுத்தாதே. உன் ஊகம் தப்பாகவும் இருக்கலாம்.

நீ கிளையன்டின் இடத்தில் நின்று உணர்கிறாயா, அவர் வாழ்வில் இருந்த இன்னொருவரின் இடத்தில் நின்று உணர்கிறாயா என்று புவெனஸ் ஐரிஸில் பணியாற்றிய உளப்பகுப்பாய்வாளர் ஹைன்ரிக் ராக்கர் காட்டிய வேறுபாடு இங்கே பெரிதும் உதவும். அப்பாவிடம் அடிவாங்கி வளர்ந்த ஒருவர் அதைச் சலனமில்லாமல் சொல்கிறார். உனக்குப் பயம் வந்தால், அவரால் உணர முடியாத பயத்தை நீ உணர்கிறாய். எரிச்சல் வந்து நாலு வார்த்தை திட்டத் தோன்றினால், அவர் அப்பா நின்ற இடத்தில் நீ நிற்கிறாய். எந்த இடம் என்று தெரியாமல் வாயைத் திறந்தால் பழைய அடியையே திரும்பவும் கொடுத்துவிடுவாய்.

இதன் மறுபக்கத்தில் ஒரு பள்ளம் இருக்கிறது. 'எனக்குக் கோபம் வருகிறது, அப்படியானால் இவர்தான் கோபத்தை என்மேல் ஏற்றுகிறார்' என்று நேராக முடிவுக்குப் போவது. பயிற்சியில் இருந்தவர்கள் தங்கள் உணர்வையே சான்றாக வைத்துக்கொண்டு, அறையில் நடந்ததோடு ஒப்பிட்டுப் பார்க்கத் தயங்கியதை ஹைமனே 1960-ல் கண்டித்து எழுதினார்.

நம் ஊரில் இன்னொன்றும் சேர்ந்துகொள்ளும். இரண்டாவது செஷனிலேயே அவர் உன்னை 'அக்கா' என்பார். அப்படிக் கூப்பிட்டவரிடம் ஃபீஸ் கேட்க நாக்கு எழாது, இரவு 11 மணி வாட்ஸ்அப்புக்கும் பதில் போடத் தோன்றும். கூப்பிடுவதைத் தடுக்காதே, அது மரியாதை. ஆனால் ஃபீஸையும் நேரத்தையும் நீ தளர்த்திய ஒவ்வொரு தடவையையும் நோட்டில் குறித்து வை.

உனக்கு கிளையன்ட்மேல் ஈர்ப்போ காதலோ தோன்றினால், மூத்தவர் ஒருவரிடம் உன் கேஸ்களைப் பேசும் மாதாந்திர சூப்பர்விஷன் வரை காத்திருக்காதே, அந்த வாரமே சூப்பர்வைசருக்கு போன் செய். கிளையன்டிடம் ஒரு வார்த்தைகூடச் சொல்லாதே. சூப்பர்வைசரிடம் பேசாமல், அவசரப்பட்டு வேறு கவுன்சிலருக்கும் அனுப்பிவிடாதே. கைவிடப்பட்டதாகத்தான் அவருக்குப் படும்.

அடுத்த சூப்பர்விஷனுக்கு நோட்டைக் கொண்டுபோ. கேஸ் வரலாறு சொல்ல ஆரம்பித்தால் முக்கால் மணி நேரம் அதிலேயே போய்விடும். எந்த வரியைப் படிக்க வெட்கமாக இருக்கிறதோ அதை முதலில் படி. சூப்பர்வைசர் என்ன கேட்டார் என்று எனக்கு எழுது.

அன்புடன்,
அக்கா