முதல் ஸ்லாட்டைத் தொடவில்லை

ஈசூன், சிங்கப்பூர்,
ஞாயிறு இரவு

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுகிறேன். வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பினால் நீ வேகத்தைக் கூட்டிவைத்துக் கேட்பாய் என்று தங்கச்சி போட்டுக்கொடுத்துவிட்டாள். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். மெதுவாகப் படி.

ஐந்தறை வீட்டைக் காலிசெய்து ஈரறைக்குள் நுழைவது என்றால் சும்மாவா? அப்பாவின் தூண்டில்களைப் பழைய சாமான் எடுக்கும் காராங்குனிக்காரர் எடுத்துக்கொண்டு போனார். மூன்று நாள் அப்பா என்னோடு பேசவில்லை. உன் விளையாட்டுப் பெட்டியை "கேரசல் ஆப்பில் விற்பனைக்குப் போட்டுடும்மா" என்று நீ சொன்னாய், நானும் போட்டேன். ஐந்தே நிமிஷத்தில் ஒரு பையன் கேட்டான்: "ஆன்ட்டி, சூப்பர் நின்டெண்டோ கேட்ரிஜில் பேட்டரி மாற்றியாச்சா? சேவ் நிற்குதா?"

எனக்கு அந்தக் கேள்வி பிடித்துப்போய்விட்டது. அங் மோ கியோவில் 19 வருஷம் சர்க்யூட் போர்டுக்கு சோல்டரிங் வைத்தவளிடம் பேட்டரியைப் பற்றிக் கேட்டால்?

உனக்குத் தெரிந்திருக்கலாம், ஆனாலும் சொல்கிறேன். அந்த கேட்ரிஜுக்குள் ஒரு சின்ன நினைவகச் சிப் இருக்கிறது, வெறும் 8 கிலோபைட். மின்சாரம் போனால் அதற்கு எல்லாம் மறந்துபோகும். மறக்காமல் இருக்க, 3 வோல்ட் நாணய பேட்டரி ஒன்றைப் பக்கத்திலேயே பற்றவைத்திருக்கிறார்கள். நீ ஆடி நிறுத்திய இடத்தை முப்பது வருஷமாக அந்தக் காசளவு பேட்டரிதான் பிடித்துக்கொண்டிருந்தது.

முதலில் தங்கச்சியின் கேம் பாயைத்தான் பார்த்தேன். அவளுடைய போக்கிமான் கோல்ட் போயே போச்சு. அந்த ஆட்டத்துக்குள் கடிகாரம் ஒன்று ஓடிக்கொண்டே இருக்கும். வெளியே இரவானால் அதிலும் இரவு. அந்தக் கடிகாரமே பேட்டரியைச் சீக்கிரம் தின்றுவிடும். அவளிடம் நான் இன்னும் சொல்லவில்லை, நீயும் உளறிவைக்காதே.

அப்புறம் உன்னுடைய க்ரோனோ டிரிகர், காலத்தில் முன்னும் பின்னும் பயணம் போகிற அந்த சூப்பர் நின்டெண்டோ ஆட்டம். விளையாட்டுப் பெட்டியை நேராகச் சுவர் பிளக்கில் சொருகுகிற ஆள் நான் இல்லை. உன் மாமா மகன் ஒருமுறை அமெரிக்க அடாப்டரை அப்படியே நம் 230 வோல்ட்டில் குத்தி, ஹாலெல்லாம் புகை கிளம்பியது ஞாபகம் இருக்கிறதா? அதற்குப் பிறகு வாங்கிய, செங்கல் மாதிரி கனக்கும் டிரான்ஸ்பார்மர் இன்னும் வேலை செய்கிறது. நம் புதுத் தட்டை டிவியில் படம் மழுங்கலாக வந்தது. புளோக்குக்குக் கீழே யாரோ தூக்கிப்போட்டிருந்த பழைய குழாய் டிவியை அப்பாவும் நானும் தள்ளுவண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தோம். இருக்கிற சாமானைக் குறைக்க வேண்டிய நேரத்தில் இன்னொரு டிவி என்று அவர் முனகிக்கொண்டேதான் வந்தார்.

போட்டுப் பார்த்தால், ஆட்டத்தை சேவ் செய்துவைக்கும் மூன்று ஸ்லாட்டில், முதல் ஸ்லாட்டில் நீ இருக்கிறாய்.

அந்த ஆட்டத்தில் பெயருக்கு ஐந்து எழுத்துதான் இடம். அதனால்தான் 'க்ரோனோ' என்ற பெயரில் தலைப்பில் இருக்கும் 'எச்' எழுத்து கதாநாயகனுக்கு வரும்போது காணாமல் போகிறதாம். அதில் வரும் தவளை வீரனுக்கு நீ 'அப்பா' என்று பெயர் வைத்திருக்கிறாய். (காட்டினேன். "மரியாதை தெரியாத பய" என்றார். ஆனால் போட்டோ எடுத்துக்கொண்டார்.) கண்ணாடி போட்டுக்கொண்டு எந்நேரமும் யந்திரங்களைக் கழற்றி மாட்டும் லூக்காவுக்கு 'அம்மா' என்று வைத்திருக்கிறாய்.

அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை. மறுநாள் பேட்டரி மாற்ற உட்கார்ந்தேன். அந்த 3.8 மில்லிமீட்டர் ஸ்க்ரூவுக்கென்றே தனி முனை வேண்டும், சிம் லிம் டவரில் கிடைத்தது. மீட்டர் வைத்துப் பார்த்தேன்: 2.7. இன்னும் எத்தனை நாள் தாங்கும் என்று சொல்ல முடியாது. பழையதைக் கழற்றிய நொடியே உன் ஆட்டம் அழிந்துவிடும். அதனால் இரண்டு ஏஏ பேட்டரியை வெளியிலிருந்து அதே பிளஸ் மைனஸில் கொடுத்துத் தாங்கவைத்துக்கொண்டு, சோல்டரிங் கம்பியைச் சூடாக்கி, பிளக்கைப் பிடுங்கிவிட்டுத் தொட்டேன். கம்பியிலிருந்து கசிகிற கொஞ்ச மின்சாரமே போதும், சிப்பைக் குழப்பிவிடும். வேலையில் இருந்தபோதுகூட என் கை இவ்வளவு நடுங்கியதில்லை. புதியது உட்கார்ந்தது. போட்டுப் பார்த்தேன், நீ அங்கேயே இருந்தாய்.

பையனிடம் விற்பதற்கில்லை என்று சொல்லிவிட்டேன். மூன்றாவது ஸ்லாட்டில் நானே ஆட ஆரம்பித்தேன், இரண்டு மாதமாகிறது.

முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. சந்தையில் ஒரு கிழவரின் சாப்பாட்டுப் பொட்டலம் இருந்தது, எடுத்துத் தின்றேன். எல்லா ஆட்டத்திலும் அப்படித்தானே, கிடைப்பதை எடுத்துக்கொள்வது? ஓடிவந்து மோதி விழுந்த பெண்ணைப் பார்க்காமல் அவள் சங்கிலியை முதலில் பொறுக்கினேன். பிறகு பார்த்தால் கோர்ட்டில் நிறுத்தி இவை எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகக் கேட்கிறார்கள்! 1995இல் இதை யோசித்த ஜப்பான்காரர்களை என்ன சொல்ல. ஆனால் குற்றமில்லை என்று தீர்ப்பு வந்தாலும் சிறைக்குத்தான் அனுப்புகிறார்கள், அது அநியாயம்.

அப்பாவும் அவர் கதையை அவிழ்த்தார். ஆப்பிள் நகல் கம்ப்யூட்டரில் அல்ட்டிமா நான்கு ஆடியிருக்கிறார், 1985இல் வந்தது. அதில் கொல்வதற்குக் கடைசி அரக்கனே கிடையாது. நேர்மை, இரக்கம், வீரம் என்று எட்டு குணங்களில் தேறி அவதாரம் ஆக வேண்டும். நம் சொல்லைத்தான் ரிச்சர்ட் காரியட் எடுத்துக்கொண்டிருக்கிறார். மூலிகை விற்கும் பெண்ணுக்குக் கண் தெரியாது, நாம் போடும் காசை நம்பி வாங்கிக்கொள்வாள். இவர் ஒவ்வொரு தடவையும் ஒரே ஒரு காசு போட்டிருக்கிறார்! நாலு வருஷம் ஆடியும் ஏன் முடியவில்லை என்று இப்போதுதான் அவருக்கே தெரிகிறது. அந்த டிஸ்குகளை எடுத்துப் பார்த்தேன். ஸ்டோர்ரூம் ஈரத்தில் பூஞ்சை பிடித்து வெள்ளையாகிவிட்டன. அந்த ஆட்டம் இப்போது இலவசமாகவே கிடைக்கிறது என்று தங்கச்சி இறக்கிக் கொடுத்தாள். இந்தத் தடவை கணக்காகக் காசு போடுகிறார், நான் பக்கத்தில் இருந்தால்.

போன வாரம் காட்டுக் கட்டத்துக்கு வந்தேன். பாலைவனத்தைக் காடாக்குவதற்காக ரோபோவை 600ஆம் வருஷத்தில் விட்டுவிட்டு, நண்பர்கள் காலப்பயணக் கப்பலேறி 1000ஆம் வருஷத்துக்குப் பறக்கிறார்கள். அவர்களுக்கு ஒரு நொடி. அது 400 வருஷம் தனியாக மண்ணைக் கிளறியிருக்கிறது. போய்ப் பார்த்தால் துருப்பிடித்துக் கிடக்கிறது. விளையாட்டை நிறுத்திவிட்டுத் தேத்தண்ணி போடப் போனேன்.

அந்த ராத்திரியே லூக்கா மட்டும் எழுந்து தன் சின்ன வயதுக்குப் போகிறாள். அம்மாவின் பாவாடை யந்திரத்தில் மாட்டிக்கொள்கிறது. நிறுத்த வேண்டுமானால் அம்மாவின் பெயரை, லாரா, எல், ஏ, ஆர், ஏ என்று பொத்தான்களில் அடிக்க வேண்டும். எனக்கு விரல் தடுமாறிவிட்டது. அந்த அம்மாவின் கால் போய்விட்டது. நான் வேறு அவசரத்தில் சேவ் செய்துவிட்டேன். என் ஆட்டத்தில் அந்த அம்மா இனி நாற்காலியில்தான்.

அப்புறம் உன் ஸ்லாட்டைத் திறந்தேன், சேவ் செய்யவில்லை, பயப்படாதே. நேராக லூக்கா வீட்டுக்குப் போனேன். உன்னுடையதில் அவள் அம்மா நடக்கிறாள்.

பன்னிரண்டு வயசில் நீ இதைச் செய்திருக்கிறாய். அந்த வருஷம்தான் பிஎஸ்எல்இ, தொடக்கப்பள்ளி இறுதிப் பரீட்சை என்று டிரான்ஸ்பார்மரைப் பிடுங்கிக்கொண்டுபோய் என் வேலையிடத்து லாக்கரில் பூட்டினேன். உனக்கு மிச்சமிருந்தது கடைசிச் சண்டை மட்டும்தான் என்று இப்போது தெரிகிறது. அதை நான் ஆடமாட்டேன். டிசம்பரில் வந்து நீயே முடி.

இன்னொரு விஷயம். இரண்டாவது ஸ்லாட் காலியாக இருக்கிறது. தங்கச்சி மகள் கேட்டு நச்சரிக்கிறாள். அவளுக்குக் கொடுத்துவிடவா, இல்லை உன் மகளுக்கு வைத்திருக்கவா? பதில் போடு.

அம்மா