கண்டம் என்றால் துண்டு: பாடநூல் எழுதுவோருக்கு ஒரு மடல்

புவியியல் பாடம் எழுதும் ஆசிரியப் பெருமக்களுக்கு,

வணக்கம். கிருஷ்ணகிரிக்குப் பக்கத்துக் காவேரிப்பட்டணத்திலிருந்து எழுதுகிறேன். போன வாரம் ஆறாம் வகுப்பில் படிக்கும் என் மகள், "ஆசியா மிகப் பெரிய கண்டம்" என்று உரக்கப் படித்துக்கொண்டிருந்தாள். திண்ணையில் மாங்காய் நறுக்கிக்கொண்டிருந்த என் அம்மா அரிவாள்மனையை விட்டு நிமிர்ந்து, "யாருக்கம்மா கண்டம்? தண்ணீரிலா, நெருப்பிலா?" என்று கேட்டார்.

எல்லோரும் சிரித்தோம். மகள் மட்டும் விடவில்லை. கண்டம் என்றால் என்ன என்றாள். பெரிய நிலப்பரப்பு என்றேன். நானும் அப்படித்தான் மனப்பாடம் செய்திருந்தேன். எவ்வளவு பெரியது என்றாள். மாட்டிக்கொண்டேன்.

கண்டம் என்ற வடசொல்லுக்குத் துண்டு என்று பொருள். கண்டதுண்டமாக வெட்டினான் என்கிறோமே, அதே கண்டம். ஆங்கிலேயர் சொல்லும் 'காண்டினென்ட்' லத்தீனிலிருந்து வந்தது. சேர்த்துப் பிடித்திருப்பது, அறுபடாமல் தொடர்வது என்பது அதன் வேர்ப்பொருள். அவர்கள் ஒட்டியிருப்பதைப் பார்த்துப் பெயர் வைத்தார்கள், நாம் வெட்டுப்பட்டதைப் பார்த்து. இந்தச் சுவையான செய்திக்குப் பாடத்தில் இரண்டு வரி இடம் கிடைக்காதா?

இன்னொன்று. எங்கள் ஊர்க் கல்யாணங்களில் புரோகிதர் 'ஜம்பூத்வீபே, பாரதவர்ஷே, பரதகண்டே' என்று சங்கல்பம் சொல்கிறார். ஜம்பூத்வீபம், அதாவது நாவலந்தீவு என்ற பெருந்தீவு, அதற்குள் ஒரு துண்டாகப் பரதகண்டம். தீவுக்குள் கண்டம்! வகுப்பறையில் கணக்கு தலைகீழ். ஏறத்தாழ 21.6 லட்சம் சதுர கிலோமீட்டர் பரப்புள்ள கிரீன்லாந்து தீவாம். 77 லட்சம் உள்ள ஆஸ்திரேலியா கண்டமாம். எத்தனை லட்சத்தில் தீவு கண்டமாகிறது என்று எந்த விதியும் இல்லை.

ஐரோப்பா அதைவிட வேடிக்கை. ஆசியாவிலிருந்து அதைப் பிரிக்க நடுவில் கடலே கிடையாது. பழைய கிரேக்கர்கள் இன்றைய ரஷ்யாவில் ஓடும் டான் ஆற்றை எல்லை என்றார்கள். யூரல் மலை எல்லையானது 18ஆம் நூற்றாண்டில்தான். ஒரே நிலத்துக்கு எதற்கு ஐரோப்பா, ஆசியா, லிபியா (ஆப்பிரிக்காவுக்கு அன்றைய பெயர்) என்று மூன்று பெயர் எனக் கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் ஏறத்தாழ 2,400 ஆண்டுகளுக்கு முன்பே கேட்டுவிட்டார். இலத்தீன் அமெரிக்கப் பள்ளிகளில் வட, தென் அமெரிக்காக்களை ஒன்றாகவே எண்ணுகிறார்கள். பிரிட்டன்காரர் வெறுமனே 'கண்டம்' என்றால் தம் தீவு நீங்கலான ஐரோப்பா என்று பொருள். இங்கே மட்டும் ஏழு என்று எழுதாத பிள்ளைக்கு மதிப்பெண் போய்விடுகிறது.

கண்டங்கள் நகர்கின்றன என்று ஜெர்மன் அறிவியலாளர் வெகனர் 1912இல் சொன்னபோது அறிஞர்கள் பலர் ஏற்கவில்லை. ஆனால் நம் நிலத்தின் கதையே அவர் சொன்னதற்குச் சாட்சி. கிருஷ்ணகிரிப் பக்கத்துப் பாறைகளுக்கு ஏறத்தாழ 250 கோடி வயது. குவாரியிலிருந்து லாரியில் ஏறிப்போகும் அந்தக் கல், ஆப்பிரிக்காவோடும் அண்டார்டிகாவோடும் ஒட்டிக்கிடந்து, பின் பிய்ந்து, மிதந்து வந்து, ஏறத்தாழ 5 கோடி ஆண்டுகளுக்கு முன் ஆசியாவில் முட்டிய நிலத்தைச் சேர்ந்தது. நாம் உண்மையிலேயே துண்டுதான். உடனே முன்னோர்கள் அன்றே அறிந்திருந்தார்கள் என்று யாரும் கிளம்பிவிட வேண்டாம். சொல் தற்செயலாகப் பொருந்தியிருக்கிறது, அவ்வளவே.

நான் கேட்பது ஒரு பத்தி. கண்டம் என்ற சொல் எங்கிருந்து வந்தது, ஏழு என்ற எண்ணிக்கை யார் வழக்கம் என்று அதில் எழுதுங்கள். 'கண்டங்கள் எத்தனை?' என்ற ஒரு மதிப்பெண் கேள்விக்குப் பதிலாக, 'ஐரோப்பாவைத் தனிக் கண்டம் என்பது சரியா?' என்று ஐந்து மதிப்பெண்ணுக்குக் கேளுங்கள்.

சீக்கிரம் செய்தால் நல்லது. அடுத்த வாரம் எங்கள் வீட்டில் 'தீபகற்பம்' படிக்கப்போகிறார்கள். அம்மா அதே திண்ணையில்தான் இருப்பார்.

இப்படிக்கு,
ஆறாம் வகுப்புப் பெண்ணின் தந்தை,
காவேரிப்பட்டணம்